வாய் வராதவனின் காதல்: மௌனப் பட நகைச்சுவையைப் பார்க்கத் தொடங்குபவர்களுக்கு

ஒருவன் தினமும் சிகரெட் வாங்குகிறான். ஆனால் அவனுக்குச் சிகரெட் பழக்கமே கிடையாது.

1924-இல் மாஸ்கோவில் எடுத்த ஒரு மௌனப் படத்தில் இந்த ஆள் வருகிறான். பெயர் மித்யூஷின். ஓர் அலுவலகத்தில் உதவிக் கணக்கர். தெருவில் நின்று சிகரெட் விற்கிற ஜீனா மேல் அவனுக்கு ஆசை. போய்ப் பேசலாமென்றால் வாய் வராது. என்ன செய்வான் பாவம், ஒரு பெட்டி சிகரெட் வாங்குகிறான். மறுநாளும் வாங்குகிறான். காசு நீட்டி, பெட்டியைக் கையில் வாங்கிக்கொள்கிற அந்தச் சில நொடிகள்தான் அவளோடு அவனுக்கு இருக்கிற மொத்த உறவும்.

படத்தின் பெயரே 'மொஸ்ஸெல்ப்ரோம் சிகரெட்டுக்காரி' என்பதுதான். மொஸ்ஸெல்ப்ரோம் என்பது அப்போது மாஸ்கோவில் மிட்டாய், பீர், சிகரெட் எல்லாம் விற்ற அரசு நிறுவனம். அதற்கு விளம்பர வாசகம் எழுதிக் கொடுத்தவர் கவிஞர் மாயகோவ்ஸ்கி. படத்தை இயக்கியவர் யூரி ஜெல்யாபுஜ்ஸ்கி, மித்யூஷினாக நடித்தவர் இகோர் இலின்ஸ்கி. ஜீனாவாக வரும் யூலியா சொல்ன்ட்சேவா அதே ஆண்டு 'அயெலிதா' படத்தில் செவ்வாய்க் கிரகத்து ராணியாகவும் நடித்தார். பிற்பாடு இயக்குநராகி 1961-இல் கான் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநர் விருது வாங்கினார். அந்த விருதை வாங்கிய முதல் பெண் அவர்தான்.

மௌனப் படத்தில் காதல் நகைச்சுவை எப்படி நடக்கிறது என்று யாராவது என்னிடம் கேட்டால், நான் முதலில் காட்டுவது அந்தச் சிகரெட் பெட்டியைத்தான். பேசும் படமாக இருந்தால் மித்யூஷின் நண்பன் ஒருவனிடம், "டேய், எனக்கு அவளைப் பிடிச்சிருக்குடா, சொல்லத்தான் பயமா இருக்கு" என்று சொல்லியிருப்பான். நாமும் கேட்டுவிட்டு அடுத்த காட்சிக்குப் போயிருப்போம். மௌனப் படத்தில் அந்த வசதி இல்லை. மனசில் இருப்பதைக் கண்ணுக்குத் தெரியும்படி ஏதாவது ஒன்றின் மேல் ஏற்றியாக வேண்டும். புகைக்காதவன் கையில் ஒரு சிகரெட் பெட்டி இருந்தால் அது காதல். அவ்வளவு எளிது. ஆனால் அந்த எளிமைக்கு வந்து சேர நிறைய யோசித்திருக்கிறார்கள்.

மௌனப் படம் என்றாலே கூச்ச சுபாவமுள்ள ஆளுக்கென்று செய்த வீடு மாதிரி எனக்குத் தோன்றும். எல்லோரும் பேசுகிற உலகத்தில் அவன் ஒருவன்தான் வாயடைத்து நிற்பான். இங்கே யார் குரலும் நமக்குக் கேட்பதில்லை. எல்லோரும் அவனுடைய நிலைமைக்கு இறங்கி வந்துவிடுகிறார்கள்.

முதலில் சில அடிப்படைகள்

மௌனப் படங்களைச் சத்தமே இல்லாமல் பார்த்தார்கள் என்று நினைத்தால் அது தப்பு. திரைக்குப் பக்கத்தில் ஒரு பியானோவாவது இருக்கும். பெரிய அரங்குகளில் ஆர்கன் இருக்கும், முழு இசைக்குழுவே இருக்கும். கதவு தட்டும் சத்தம், விசில், குதிரைக் குளம்பொலி இவற்றையெல்லாம் தாளக்காரரே போட்டுவிடுவார். ஜப்பானில் பென்ஷி என்கிற கதைசொல்லி பக்கத்தில் இருந்துகொண்டு எல்லாப் பாத்திரத்துக்கும் அவரே குரல் கொடுத்தார். அவருக்காகவே படத்துக்குப் போன ரசிகர்களும் உண்டு. நம் ஊர்க் கொட்டகைகளிலும் திரையில் வரும் எழுத்தை உரக்கப் படித்துச் சொல்ல ஆள் இருந்தார்.

அந்த எழுத்துக்குப் பெயர் டைட்டில் கார்டு. காட்சிக்கு நடுவில் கறுப்புத் திரையில் வெள்ளை எழுத்தில் ஒரு வசனமோ விவரமோ வரும். நல்ல நகைச்சுவைப் படத்தில் இது குறைவாகவே வரும். எழுத்தைப் படிக்கிற நேரத்தில் நடிகரின் முகம் திரையில் இல்லை, சிரிப்பின் ஓட்டம் அறுந்துபோகும் என்பது அதை எடுத்தவர்களுக்குத் தெரியும். ஐந்து நிமிடம் ஒரு கார்டும் இல்லாமல் ஒரு காட்சி ஓடி, உங்களுக்கு எல்லாம் புரிந்தும் விட்டால், திறமைசாலி ஒருவர் எடுத்த படத்தைப் பார்க்கிறீர்கள் என்று அர்த்தம்.

இன்னொன்று, வேகம். எல்லோரும் தத்தித் தத்தி ஓடுவதுதான் மௌனப் படம் என்ற எண்ணம் நம்மிடம் ஊறிப்போயிருக்கிறது. அப்போது கேமராவைக் கையால் சுற்றிப் படம் எடுத்தார்கள். பல படங்கள் நொடிக்கு 16 முதல் 20 பிரேம் வரை ஓடின (சுருளில் உள்ள ஒவ்வொரு அசையாப் படமும் ஒரு பிரேம்). பேசும் படம் வந்தபோது 24 என்று நிலையாகிவிட்டது. பழைய பிரதியை அந்த 24-இல் ஓட்டினால் எல்லோரும் பறப்பார்கள். துரத்தல் காட்சிகளில் வேண்டுமென்றே மெதுவாகச் சுற்றி, திரையில் வேகமாகத் தெரியும்படி செய்ததும் உண்டு. ஆனால் காதல் காட்சி அப்படி ஓடினால் அது பிரதியின் குற்றம். வேகத்தைச் சரிசெய்து வெளியிட்ட நல்ல பிரதியைத் தேடிப் பாருங்கள். நான் முதலில் பார்த்தது இசையும் இல்லாத, வேகமும் கூடிப்போன ஒரு பிரதி. இதில் என்ன இருக்கிறது என்று பத்து நிமிடத்தில் நிறுத்திவிட்டேன். சில வருஷம் கழித்து அதே படத்தை நல்ல பியானோ இசையோடு பார்த்தபோது, வேறு படமோ என்று நினைத்தேன்.

ஏன் குமாஸ்தா?

1920-களின் மௌன நகைச்சுவைகளில் திரும்பத் திரும்ப ஒரே மாதிரி ஆள் வருவான். சின்னச் சம்பளம், தேய்த்துப் போட்ட ஒரே கோட்டு, மேலதிகாரியைக் கண்டால் நடுக்கம். கணக்கர், கடை விற்பனையாளர், காரியாலயக் குமாஸ்தா என்று வேலை மட்டும் மாறும்.

இதற்குக் காரணம் கொட்டகைக்குள்ளேயே உட்கார்ந்திருந்தது. 1920-இல் அமெரிக்காவில் எடுத்த மக்கள் தொகைக் கணக்கில்தான் முதல் முறையாக நகரத்தில் வாழ்பவர்கள் கிராமத்தில் வாழ்பவர்களைவிட அதிகமானார்கள். ஊரை விட்டு வந்த இளைஞர்கள் மேஜைக்குப் பின்னாலும் கவுண்டருக்குப் பின்னாலும் வேலைக்கு உட்கார்ந்தார்கள். டைப்பிஸ்ட் வேலை ஏறக்குறைய முழுக்கப் பெண்கள் கைக்கு வந்துவிட்டிருந்தது. ஆணும் பெண்ணும் பகல் முழுக்க ஒரே அறையில் வேலை பார்ப்பது புதுசு. யாரிடம் எப்படிப் பேசுவது என்பதற்கு அம்மா அப்பா சொல்லிக் கொடுத்த பாடம் எதுவும் அங்கே உதவவில்லை. சாயங்காலம் சில்லறைக் காசு கொடுத்துக் கொட்டகைக்குள் வந்தால், திரையில் அவர்களைப் போலவே ஒருவன் தடுமாறிக்கொண்டிருந்தான்.

அந்த ஆளுக்கு மிகப் பொருத்தமான முகம் ஹெரால்ட் லாய்டுடையது. அன்றைய நகைச்சுவை நடிகர்கள் பலர் ஒட்டு மீசை, தொளதொள கால்சட்டை, பெரிய செருப்பு என்று வேஷம் கட்டினார்கள். லாய்டும் ஆரம்பத்தில் அப்படித்தான் நடித்தார். 1917-இல் அதையெல்லாம் கழற்றிவிட்டு, ஒரு வட்டக் கண்ணாடியை மட்டும் மாட்டிக்கொண்டார். கண்ணாடிக்குள் லென்ஸ் கூடக் கிடையாது, வெறும் சட்டம்தான். ஆனால் அதோடு அவர் பேருந்தில் நம் பக்கத்தில் உட்கார்ந்து வருகிற ஆளாகிவிட்டார். அவரைத் தெருவில் பார்த்தால் திரும்பிப் பார்க்கத் தோன்றாது. குமாஸ்தாவுக்கு அதுதானே வேண்டும்.

மறைகிற தட்டுகள்

லாய்டு நடித்து 1923-இல் வெளியான 'சேஃப்டி லாஸ்ட்' படத்தைப் பெயர் தெரியாமலே நீங்கள் பார்த்திருப்பீர்கள். உயரமான கட்டடத்தில் ஒரு கடிகார முள்ளைப் பிடித்துக்கொண்டு, கண்ணாடி போட்ட ஒருவன் தொங்குகிற படம். போஸ்டரிலும் காலண்டரிலும் அதைப் போட்டுப் போட்டு, மீதிப் படத்தை மறந்தே விட்டார்கள். எனக்கென்னவோ அந்தப் படத்தின் உயிர் கீழே, கடைக்குள்ளேதான் இருக்கிறது.

முதல் காட்சியே ஒரு பாடம். கம்பிகளுக்குப் பின்னால் நாயகன். அருகே கண்ணீரோடு அம்மாவும் காதலியும். பின்னால் ஒரு தூக்குக் கயிறு தொங்குகிறது. பாதிரியார் வேறு வருகிறார். பையனைத் தூக்கில் போடப்போகிறார்கள் என்று நினைக்கிறோம். கேமரா வேறு பக்கம் போய்ப் பார்க்கிறது. அது ரயில் நிலையம். கம்பி, நடைமேடையின் வேலி. கயிறு, ஓடும் ரயிலில் இருப்பவர்கள் செய்தியை எடுத்துக்கொள்ள மாட்டியிருக்கிற வளையம். பையன் நகரத்துக்கு வேலை தேடிப் போகிறான், வழியனுப்ப வந்திருக்கிறார்கள். ஒரு வார்த்தை பேசாமல், கேமராவை எங்கே வைக்கிறோம் என்பதை வைத்தே ஒரு பொய் சொல்லி, அதே கேமராவை நகர்த்தி அதை உடைக்கிறார்கள். மௌனப் பட நகைச்சுவையின் பாதி வித்தை இதில் அடங்கிவிடுகிறது. பார்ப்பவர்கள் எதை நம்பவேண்டும் என்பதை வசனத்தைக் கொண்டு அல்ல, எதைக் காட்டுகிறோம், எதை மறைக்கிறோம் என்பதைக் கொண்டு தீர்மானிப்பது.

இயக்குநர்கள் ஃபிரெட் நியூமேயர், சாம் டெய்லர். பாத்திரத்துக்கு வைத்த பெயர் வெறும் 'பையன்'. நகரத்தில் ஒரு பெரிய பல்பொருள் கடையில் துணி விற்கிற வேலை. வாரம் 15 டாலர். ஊரில் இருக்கும் காதலிக்கு மட்டும், தான் பெரிய ஆளாகிவிட்டதாகக் கடிதம் எழுதுகிறான். வீட்டுக்காரி வாடகை கேட்டு வந்தால் அவனும் அறைத் தோழனும் கோட்டுக்குள் புகுந்து, காலை மடக்கிக்கொண்டு, ஆணியில் மாட்டிய கோட்டுகள் மாதிரி சுவரில் தொங்குகிறார்கள். அந்த நிலைமையில் இருப்பவன் அவளுக்குச் சங்கிலி வாங்கப் போகிறான்.

சம்பளம் கைக்கு வந்த அன்று நடக்கிறது அது. பசி. மதியச் சாப்பாடு 50 சென்ட் என்ற பலகை கண்ணில் படுகிறது. உடனே அவன் மனசில் ஒரு முழுச் சாப்பாடு விரிகிறது, தட்டுத் தட்டாக. சங்கிலிக்குச் சம்பளம் முழுக்கப் போய், மேலும் கொஞ்சம் சில்லறை வைக்க வேண்டியிருக்கிறது. ஒரு காசு வைக்கிறான், ஒரு தட்டு மறைகிறது. இன்னொரு காசு, இன்னொரு பதார்த்தம் காலி. கை தயங்கித் தயங்கிப் போகிறது. கடைசிக் காசோடு கடைசித் தட்டும் போய்விடுகிறது.

அந்தக் காட்சியை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். 'நான் பட்டினி கிடந்தாலும் பரவாயில்லை, உனக்கு வாங்கித் தருவேன்' என்று ஒருவன் வசனம் பேசினால் நாம் நெளிவோம். இங்கே அவன் எதுவும் சொல்லவில்லை. அவனுடைய தியாகத்தை நாம் காசுக் கணக்கில் எண்ணிப் பார்க்கிறோம். சிரிப்பும் வருகிறது, வயிற்றில் என்னவோ செய்யவும் செய்கிறது. மித்யூஷினின் சிகரெட் பெட்டி செய்த அதே வேலையை இந்தத் தட்டுகள் செய்கின்றன. வாய் சொல்லாததைப் பொருள் சொல்கிறது.

அப்புறம் அந்தப் பெண் சொல்லாமல் கொள்ளாமல் நகரத்துக்கே வந்துவிடுகிறாள். அவன் மேனேஜரின் அறையிலிருந்து வெளியே வருவதைப் பார்த்து, இவன்தான் மேனேஜர் என்று நம்பிவிடுகிறாள். இவனால் இல்லையென்று சொல்ல முடியவில்லை. அவள் முன்னால் மேனேஜராகவும் மற்றவர்கள் முன்னால் குமாஸ்தாவாகவும் ஒரே நேரத்தில் நடித்தாக வேண்டும். அவளுக்குத் தெரியாதது நமக்குத் தெரியும் என்பதால் ஒவ்வொரு கதவு திறக்கும்போதும் நெஞ்சு படபடக்கிறது.

கட்டடம் ஏறுவது இதன் தொடர்ச்சிதான். கடைக்குக் கூட்டத்தை இழுக்க வழி சொன்னால் 1,000 டாலர் என்று மேனேஜர் பேசுவது இவன் காதில் விழுகிறது. ஏறத் தெரிந்த தோழனை ஏறச் சொல்கிறான். அவனைப் போலீஸ்காரர் துரத்த, இவனே ஏற வேண்டியதாகிறது. 'அடுத்த மாடி மட்டும் ஏறு, அப்புறம் நான் வந்துடறேன்' என்கிற மாதிரி தோழன் ஒவ்வொரு ஜன்னலிலும் ஆசை காட்டிவிட்டு ஓடுகிறான். பார்த்தால் அது வேடிக்கையான சாகசம். ஆனால் எந்தக் கடையின் தரைத்தளத்தில் இவன் துணி கிழித்துக் கொடுத்துக்கொண்டிருந்தானோ, அதே கட்டடத்தின் வெளிச்சுவரில்தான் மேலே போகிறான். காதலிக்கு எழுதிய கடிதத்தில் அவன் ஏறிவிட்டதாகச் சொன்ன உயரத்தை, இப்போது விரல் நுனியால் ஒவ்வொரு மாடியாக ஏறிக் கொடுக்கிறான். உச்சியில் அவள் காத்திருக்கிறாள்.

அந்த விரல்களைப் பற்றி ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். 1919-இல் ஒரு விளம்பரப் புகைப்படம் எடுக்கும்போது, பொம்மைக் குண்டு என்று நினைத்துக் கையில் எடுத்தது வெடித்து, லாய்டின் வலது கையில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் போய்விட்டன. அதன் பிறகு நடித்த படங்களிலெல்லாம் செயற்கை விரல் வைத்த உறை மாட்டிக்கொண்டு நடித்தார். கூரைமேல் கட்டிய செட், கீழே மெத்தை போட்ட மேடை என்று ஏற்பாடுகள் இருந்தன என்பது உண்மைதான். இருந்தாலும் அந்தக் கையோடு அவர் சுவரைப் பற்றுவதைப் பார்க்கும்போது எனக்கு உள்ளங்கை வியர்க்கிறது.

அலுவலகக் கூச்சத்துக்கு இன்னொரு நல்ல உதாரணம் 1926-இல் வந்த 'ஸ்கின்னர்ஸ் டிரெஸ் சூட்'. வில்லியம் சைட்டர் இயக்கி, ரெஜினால்ட் டென்னியும் லாரா லா பிளாண்ட்டும் நடித்தது. மனைவி நச்சரித்ததால் சம்பள உயர்வு கேட்கப் போகிறான் ஸ்கின்னர். கிடைக்கவில்லை. வீட்டுக்கு வந்து, கிடைத்துவிட்டதாகச் சொல்லிவிடுகிறான். கிடைக்காத பணத்தை மனைவி சந்தோஷமாகச் செலவு செய்ய ஆரம்பிக்கிறாள். முதல் செலவு அவனுக்கே ஒரு விருந்துக் கோட்டு. அவன் உடம்பில் மாட்டியிருப்பது அவன் சொன்ன பொய். இது கல்யாணத்துக்குப் பிறகான காதல் கதை என்பது எனக்கு இதில் பிடித்த விஷயம். சொந்த மனைவியிடமே உண்மை பேசக் கூச்சப்படுகிறவன் எவ்வளவு பழக்கமான ஆள்!

ஊமை உலகத்தில் ஒரு திக்குவாய்

கடைசியாக ஒரு படம், இதைப் பற்றிச் சொல்லத்தான் இவ்வளவு தூரம் வந்தேன். 1924-இல் வந்த 'கேர்ள் ஷை'. இயக்கியவர்கள் அதே நியூமேயர், டெய்லர். தயாரிப்பாளர் ஹால் ரோச்சை விட்டு வந்து லாய்டு சொந்தக் கம்பெனி தொடங்கி எடுத்த முதல் படம். நாயகன் ஹெரால்ட் மெடோஸ் ஒரு சின்ன ஊரில் மாமாவின் தையல் கடையில் உதவியாள். பெண்களைக் கண்டால் அவனுக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். திக்க ஆரம்பித்தால் நிற்காது. யாராவது விசில் அடித்தால் மட்டும் சட்டென்று வார்த்தை வெளியே வந்துவிடும்.

கொஞ்சம் நின்று யோசித்துப் பாருங்கள். சத்தமே கேட்காத படத்தில் நாயகனுக்குத் திக்குவாய். அதற்கு மருந்து விசில், அதுவும் நமக்குக் கேட்காது! இதை எப்படிக் காட்டினார்கள்? தாடை நடுங்குவது தெரிகிறது. கன்னம் உப்புகிறது. வார்த்தை தொண்டைக்குள்ளே மாட்டிக்கொண்டு முட்டுவது அந்த முகம் முழுக்கத் தெரிகிறது. விசில் அடித்ததும் முகம் தளர்கிறது, உதடு சரளமாக ஓடுகிறது. திக்கலைச் சத்தமாகக் கேட்டிருந்தால், கேலி செய்கிற மாதிரி ஆகியிருக்கும் ஆபத்து உண்டு. சத்தம் இல்லாததால் நாம் பார்ப்பது பேச வேண்டும் என்ற தவிப்பை மட்டும்தான்.

அப்படிப்பட்டவன் இரவில் ரகசியமாக ஒரு புத்தகம் எழுதுகிறான். பெண்களை வசியம் செய்வது எப்படி என்று! அவன் கற்பனையில் அவன் ஒரு மன்மதன். மோகினி மாதிரி ஒருத்தி அவனுக்காகத் தவிக்க, இவன் அலட்சியமாக நிற்கிறான். இன்னொருத்தியை அதட்டி உருட்டி அடக்குகிறான். அன்றைய காதல் படங்களின் நாயகர்களை அப்படியே எடுத்துக் கிண்டல் செய்கிற பகுதி இது. அந்த நாட்களில் ஆண்மை என்று விற்கப்பட்ட முரட்டுத்தனம் எவ்வளவு அசட்டுத்தனமானது என்பதைப் படம் தெரிந்தே காட்டுகிறது என்று நினைக்கிறேன்.

கையெழுத்துப் பிரதியை எடுத்துக்கொண்டு பதிப்பாளரைப் பார்க்க ரயில் ஏறுகிறான். அதே பெட்டியில் மேரி, ஜோபினா ரால்ஸ்டன் நடித்தது. அவளிடம் ஒரு குட்டி நாய். ரயிலில் நாய்க்கு அனுமதி இல்லை. தவறி இறங்கிவிட்ட நாயை நடைக்கோலின் வளைவால் அவன் தூக்கிக் கொடுக்க, அப்புறம் பரிசோதகர் கண்ணில் படாமல் அதை ஒளித்து வைக்க இருவரும் கூட்டுச் சேர்கிறார்கள். பெண்ணோடு பேசக் கூச்சப்படுகிறவனுக்கு அவளோடு சேர்ந்து செய்ய ஒரு வேலை கிடைத்துவிட்டது. கூச்சம் போனது அவனுக்கே தெரியவில்லை. அவன் தன் புத்தகத்தைப் பற்றிச் சொல்கிறான், அவள் கன்னத்தில் கை வைத்துக் கேட்காத குறையாகக் கேட்கிறாள். வாழ்க்கையில் முதல் முறையாக ஒரு பெண் அவன் பேசுவதைக் கேட்கிறாள்.

பிரியும்போது அவளிடம் மிஞ்சுவது அவன் வாங்கித் தந்த கிராக்கர் ஜாக் பெட்டி. பாகில் புரட்டிய சோளப்பொரி போட்டு விற்கிற சாதாரண அட்டைப் பெட்டி. அவனிடம் மிஞ்சுவது அவள் நாய்க்கு வைத்திருந்த பிஸ்கட்டின் பெட்டி. இரண்டு பேரும் அந்த அட்டையைப் பொக்கிஷமாக வைத்துக்கொண்டு ஏங்குகிறார்கள். ஒருவன் நாய் பிஸ்கட் பெட்டியைப் பார்த்துப் பெருமூச்சு விடுவது சிரிப்பான காட்சிதான். ஆனால் பழைய பேருந்து டிக்கெட்டைப் பர்ஸில் மடித்து வைத்திருக்கிற யாரும் அவனைப் பார்த்து முழுசாகச் சிரித்துவிட முடியாது. அப்படி ஏங்கிக்கொண்டு அவன் ஆற்றில் படகில் இருக்கும்போது, தண்ணீரில் அவள் முகம் தெரிகிறது. கனவு என்று நினைத்துப் பார்த்துக்கொண்டே இருக்கிறான். அவளோ அவனைத் தேடி வந்து நிஜமாகவே மேலே நிற்கிறாள்.

பதிப்பாளர் அலுவலகத்தில் அவன் புத்தகத்தைப் படித்து எல்லோரும் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். ஒன்றுக்கும் உதவாது என்று முகத்துக்கு நேரே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். புத்தகம் விற்றால் மேரியிடம் மனசைச் சொல்லலாம் என்று இருந்தவன், வெறுங்கையோடு நின்றுகொண்டு வேறு பொய் சொல்கிறான்: அவளோடு பழகியது ஒரு அத்தியாயத்துக்காக மட்டுமே என்று. மற்ற குமாஸ்தாக்கள் தங்களைப் பெரியவர்களாகக் காட்டப் பொய் சொன்னார்கள். இவன் அவளை விட்டு விலகுவதற்காகத் தன்னைக் கெட்டவனாக்கிக்கொள்கிறான். நகைச்சுவைப் படத்தின் நடுவில் இவ்வளவு வலிக்கிற ஒரு காட்சியைத் துணிந்து வைத்திருக்கிறார்கள்.

பிறகு அதே புத்தகத்தைச் சிரிப்புப் புத்தகமாகப் போடலாம் என்று பதிப்பாளர் மனசு மாறி 3,000 டாலர் காசோலை அனுப்புகிறார். நிராகரிப்புக் கடிதம் என்று நினைத்து இவன் உறையைத் திறக்காமலே கிழித்துப் போட, மாமா துண்டுகளைப் பார்த்துக் கண்டுபிடிக்கிறார். அதற்குள் மேரிக்கு வேறொருவனோடு கல்யாணம். அந்த மாப்பிள்ளைக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருக்கிறாள் என்ற உண்மை ஹெரால்டுக்குத் தெரிய வருகிறது.

ஓடுகிறான். ரயில் போய்விட்டது. கார் கிடைக்கிறது, கெட்டுப்போகிறது. இன்னொரு கார். ஒரு டிராமைத் தானே ஓட்டுகிறான். மின்கம்பியிலிருந்து அதன் கோல் நழுவ, கூரைமேல் ஏறிப் பிடிக்கிறான். ஓட்ட ஆளில்லாமல் டிராம் பறக்கிறது. போலீஸ் மோட்டார் சைக்கிள், குதிரை வண்டி, கடைசியில் வெறும் குதிரை. லாஸ் ஏஞ்சலஸ் பகுதியின் நிஜத் தெருக்களில் எடுத்தது. துரத்தல் காட்சி என்றால் என்ன என்று தெரிந்துகொள்ள இதை ஒருமுறை பார்த்தால் போதும். இதைத் தேடுவதும் சிரமமில்லை. 'சேஃப்டி லாஸ்ட்', 'கேர்ள் ஷை' இரண்டும் அமெரிக்காவில் பதிப்புரிமைக் காலம் முடிந்து பொதுச் சொத்தாகிவிட்டன. இதிலிருந்து தொடங்கிவிட்டு 'சேஃப்டி லாஸ்ட்' போகலாம். மித்யூஷினை மூன்றாவதாகச் சந்தியுங்கள்.

கல்யாண வீட்டுக்குள் ஹெரால்ட் வந்து விழுகிறான். மூச்சு வாங்குகிறது. பாதிரியார், மாப்பிள்ளை, கூட்டம் எல்லோரும் அவனையே பார்க்கிறார்கள். ஒரே ஒரு வாக்கியம் சொன்னால் போதும். வாயைத் திறக்கிறான். தாடை நடுங்குகிறது, கன்னம் உப்புகிறது, ஒன்றும் வரவில்லை. ஊரையே தாண்டி வந்தவனால் ஒரு வாக்கியத்தைத் தாண்ட முடியவில்லை. மேரியை அப்படியே தூக்கிக்கொண்டு வெளியே நடக்கிறான்.

வெளியே அவளை இறக்கிவிட்ட பிறகும் கேட்க வேண்டிய கேள்வி பாக்கி இருக்கிறது. என்னைக் கல்யாணம் செய்துகொள்வாயா என்று கேட்க வேண்டும். மறுபடி திக்குகிறது. அப்போது ஒரு விசில் ஒலிக்கிறது. 1924-இல் கொட்டகையில் உட்கார்ந்திருந்தவர்களுக்கு அந்த விசிலைத் திரைக்குக் கீழே இருந்து தாளக்காரர் ஊதியிருப்பார்.